கொலஸ்ட்ரோல் கூட எண்டு ரிப்போட் வந்தா: ரத்தம் குடுக்கிறதில இருந்து சொதிச்சட்டி வரைக்கும்

என்ர முதல் ரிப்போட்டில மொத்தக் கொலஸ்ட்ரோல் 262, எல்டிஎல் எண்ட கெட்ட கொலஸ்ட்ரோல் 181. வயசு 48. அப்பா 52 வயசில நெஞ்சைப் பொத்திக்கொண்டு விழுந்தவர், பிறகு எழும்பேல்லை. அந்தப் பயத்தில ரிப்போட் கையில வந்த அண்டைக்கே முட்டை, றால், நண்டு எல்லாத்தையும் வீட்டில நிப்பாட்டினன். முல்லைத்தீவுப் பக்கம் இருந்துகொண்டு றாலை நிப்பாட்டுறது எண்டா சும்மா விசயமோ. மூண்டு மாசம் நாக்கைக் கட்டிக்கொண்டு இருந்திட்டுத் திரும்ப ரத்தம் குடுத்தா 259. குறைஞ்சது மூண்டே மூண்டு.

பிறகுதான் விளங்கிச்சு, நான் நிப்பாட்டினது பிழையான சாமான். நிப்பாட்ட வேண்டியது, நிப்பாட்டவும் இல்லை அளந்து பாவிக்க வேண்டியது, நாள் முழுக்க என்ர துருவலகையில இருந்து விழுந்துகொண்டே இருந்திருக்கு. அதை விளங்குறதுக்குள்ள ரத்தத்துக்கும் பஸ்ஸுக்கும் காசு போய், வீட்டில சண்டையும் பிடிச்சு முடிஞ்சிட்டுது. நீங்களும் அப்பிடி அலையக்கூடாது எண்டுதான் இதை எழுதுறன். நான் டொக்டர் இல்லை, சமைக்கிற ஆள். குளிசை விசயத்தில உங்கட டொக்டர் சொல்லுறதுதான் கடைசிச் சொல்லு.

1. ரத்தம் குடுக்கிற நாளைச் சரியாப் பிடியுங்கோ

லிப்பிட் புரொஃபைல் எண்டுதான் கேக்க வேணும், அதாவது ரத்தத்தில இருக்கிற கொழுப்பு வகையளைத் தனித்தனியாப் பாக்கிற சோதனை. வெறும் கொலஸ்ட்ரோல் மட்டும் எடுத்தா ஒரு நம்பர்தான் வரும், அதை வைச்சு ஒண்டும் செய்யேலாது. எங்கட பக்கம் லாப்புகளில 10இல இருந்து 12 மணித்தியாலம் வெறும் வயித்தோட வரச் சொல்லுவினம், அதாவது இரவு 8 மணிக்குச் சாப்பாட்டை முடிச்சிட்டீங்கள் எண்டா காலமை 7 மணிக்கு 11 மணித்தியாலம் ஆகீடும். பச்சைத்தண்ணி குடிக்கலாம், குடிச்சிட்டுத்தான் போங்கோ, இல்லாட்டி நரம்பு பிடிபடாம ரெண்டு மூண்டு இடத்தில குத்துவினம்.

நான் முதல் தரம் போகேக்க விடிய 5 மணிக்கு அரைக் கோப்பை பால்தேத்தண்ணி குடிச்சிட்டன், தேத்தண்ணி சாப்பாட்டில சேர்த்தியோ எண்டு நினைச்சு. லாப்பில நிண்ட பிள்ளை கேட்டா, உள்ளதைச் சொன்னன், நாளைக்கு வாங்கோ அன்ரி எண்டு அனுப்பிட்டா. அரைநாள் லீவும் பஸ் காசும் சரி. எண்டாலும் மறைக்காதேங்கோ. ஏனெண்டா கன லாப்புகளில எல்டிஎல்லை நேர அளக்கிறேல்லை, மொத்தத்தில இருந்து எச்டிஎல் எண்ட நல்ல கொலஸ்ட்ரோலையும், ரைகிளிசரைட் எண்ட மற்றக் கொழுப்பில அஞ்சில ஒரு பங்கையும் கழிச்சுத்தான் அந்த நம்பரைப் போடுறவை. பாலும் சீனியும் உள்ள போனா ரைகிளிசரைட் ஏறும், எல்டிஎல் கணக்குப் பிழைக்கும். ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினா அந்தக் கணக்கே செல்லாது.

காய்ச்சல் வந்து எழும்பின உடன குடுக்காதேங்கோ, வருத்தத்தோட நம்பர் மாறும், சில கிழமை விட்டுப் போங்கோ. பிள்ளைத்தாச்சியா இருக்கேக்க இயல்பாவே கூடும், அதைப் பாத்துப் பயப்பிடத் தேவையில்லை. முதல்நாள் கல்யாண வீடு, கள்ளு, சாராயம் வேண்டாம். சீனி வருத்தக்காரர் வெறும் வயித்தில குளிசையோ ஊசியோ போட்டிட்டு வரிசையில நிண்டு மயங்கி விழுறதைக் கண்ணால கண்டிருக்கிறன், அதை எப்ப போடுறது எண்டு முதலே கிளினிக்கில கேட்டு வையுங்கோ. பையுக்குள்ள ரெண்டு பிஸ்கற்றும் கொண்டுபோங்கோ.

2. கையில என்ன கொண்டு போறது

அடையாள அட்டை, கிளினிக் கொப்பி இருந்தா அது, டொக்டர் எழுதின துண்டு, பழைய ரிப்போட் இருந்தா எல்லாம். குடிக்கிற குளிசையின்ர பேர் சொல்லத் தெரியாட்டி மட்டையைக் கொண்டுபோங்கோ, "வெள்ளைக் குளிசை, வட்டமானது" எண்டு சொன்னா ஒருத்தருக்கும் விளங்காது.

பழைய ரிப்போட் விசயத்தில ஒண்டு. எங்கட கன வீடுகளில 2009க்கு முந்தின கடதாசி ஒண்டும் மிச்சமில்லை, அதைத் தேடி மினக்கெடாதேங்கோ. அதுக்குப் பதிலா ஒரு தாளில குடும்பத்தில ஆருக்கு மாரடைப்பு, பாரிசவாதம் வந்தது, எத்தினை வயசில எண்டு எழுதிக் கொண்டுபோங்கோ. அப்பா, அண்ணன், தம்பி எண்டா 55க்கு முதல், அம்மா, அக்கா, தங்கச்சி எண்டா 65க்கு முதல் வந்திருந்தா அது டொக்டருக்கு முக்கியமான செய்தி. எனக்கு அந்த ஒரு வரிதான் வைத்தியத்தையே மாத்தினது. முதல் தரம் ஒருத்தரும் கேக்கவும் இல்லை, நானும் சொல்லவும் இல்லை.

ரிப்போட் கிடைச்ச உடன ஃபோனில ஒரு படம் எடுத்து வையுங்கோ. மழைக்கு நனைஞ்சு போன கொப்பிக்குப் பதில் அதுதான் நிக்கும்.

3. எங்க எடுக்கிறது, என்ன செலவு

அரசாங்க ஆஸ்பத்திரியில காசு இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலு இடத்திலயும் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கு, ஓபிடியில, அதாவது வெளிநோயாளர் பிரிவில, காட்டித் துண்டு வாங்க வேணும். செலவு காசில இல்லை, நேரத்தில. ரத்தம் ஒருநாள், ரிப்போட் இன்னொரு நாள், கிளினிக் வேறொரு நாள் எண்டு மூண்டு தரம் போகவேண்டி வரலாம். கூலிவேலைக்குப் போற ஆக்கள் இதை முதலே கணக்குப் பாத்து வையுங்கோ. சில நேரம் "வெளியில எடுத்துக்கொண்டு வாங்கோ" எண்டும் சொல்லுவினம். வெளியில நான் குடுத்தது ஒருதரம் 1,800 ரூபாய், மற்றத்தரம் அதைவிடக் கொஞ்சம் கூட, ரிப்போட் அண்டைக்குப் பின்னேரமே கிடைச்சுது. இடத்துக்கு இடம் விலை வித்தியாசம், ஃபோன் அடிச்சுக் கேட்டிட்டுப் போங்கோ.

35 வயசுக்கு மேற்பட்ட ஆக்களுக்கு ஆஸ்பத்திரிகளில ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையம் எண்டு ஒண்டு இருக்கு. நிறை, உயரம், இடுப்புச் சுற்றளவு, பிறசர், சீனி எல்லாம் காசில்லாமப் பாப்பினம். வருத்தம் வந்த பிறகுதான் போகவேணும் எண்டில்லை. இடுப்பு ஆம்பிளைக்கு 90 சென்ரிமீற்றர், பொம்பிளைக்கு 80க்கு மேல போனா எங்கட ஆக்களுக்குக் கவனிக்க வேண்டிய அளவு. தையல்கார அக்காவிட்ட ஒரு நாடா வாங்கி வீட்டிலயே அளக்கலாம்.

4. ரிப்போட்டை வாசிக்கப் பழகுங்கோ

முதல்ல அலகைப் பாருங்கோ. எங்கட லாப்புகளில பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கு, வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் சொல்லுறது மில்லிமோல் கணக்கு. லண்டனில இருக்கிற மச்சாள் தனக்கு 6 எண்டு அழ, நான் எனக்கு 262 எண்டு அழ, ஆருக்குக் கூட எண்டு தெரியாம அரை மணித்தியாலம் கதைச்சம். கொலஸ்ட்ரோலுக்கு மில்லிமோலை 38.7ஆல பெருக்குங்கோ, 6 எண்டா 232. ரைகிளிசரைட்டுக்கு 88.6ஆல.

மொத்தம் 200க்குக் கீழ இருந்தா நல்லம். எல்டிஎல் 100க்குக் கீழ சிறப்பு, 160க்கு மேல கூட, 190க்கு மேல எண்டா பரம்பரைச் சிக்கலும் இருக்கலாம், சாப்பாட்டை மட்டும் நம்பி இருக்காமக் கட்டாயம் டொக்டரிட்டப் போங்கோ. ஏற்கனவே மாரடைப்பு வந்த ஆக்களுக்கு 70க்குக் கீழ, சில பேருக்கு அதைவிடவும் கீழ வேணும் எண்டு சொல்லுவினம். எச்டிஎல் நல்லது, ஆம்பிளைக்கு 40க்கு மேல, பொம்பிளைக்கு 50க்கு மேல இருக்க வேணும். ரைகிளிசரைட் 150க்குக் கீழ. 500ஐத் தாண்டினா கணையத்துக்கு ஆபத்து, அதை நாளைக்குப் பாப்பம் எண்டு விடாதேங்கோ.

இதில கனபேர் விடுற பிழை, மொத்த நம்பரை மட்டும் பாக்கிறது. எங்கட ஆக்களுக்குப் பொதுவா ரைகிளிசரைட் கூடவும் எச்டிஎல் குறையவும் இருக்கும், மொத்தம் 195 எண்டு வந்தா "எனக்கு ஒண்டுமில்லை" எண்டு சிரிச்சுக்கொண்டு திரியுவினம். இன்னொண்டு, தைரோயிட் குறைவாச் சுரந்தாலும் கொலஸ்ட்ரோல் ஏறும். உடம்பு ஊதி, களைச்சு, தலைமயிர் கொட்டுற பொம்பிளையள் அந்த ரத்தத்தையும் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ, இல்லாட்டிச் சொதியைத் தண்ணியாக்கியும் பிரியோசனம் இல்லை.

5. தேங்காயை எண்ணுங்கோ

இதுதான் நான் பிழை விட்ட இடம், அதால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போறன்.

தேங்காயெண்ணெய்ப் போத்திலில "கொலஸ்ட்ரோல் இல்லை" எண்டு எழுதியிருக்கும். பொய் இல்லை, மரத்தில காய்க்கிற ஒண்டிலயும் கொலஸ்ட்ரோல் இல்லை. ஆனா எங்கட ரத்தத்தில ஓடுற கொலஸ்ட்ரோலில பெரும்பங்கு ஈரல் செய்யிறது, சாப்பாட்டில நேர வாறது குறைவு. எல்டிஎல்லை ரத்தத்தில தேங்க வைக்கிறது நிரம்பிய கொழுப்பு, அதாவது ஆறினா உறையிற வகைக் கொழுப்பு. அது தேங்காயெண்ணெயில கிட்டத்தட்ட 85, 90 வீதம், பாமெண்ணெயில பாதி அளவு, நல்லெண்ணெயில 14 வீதமளவு, சூரியகாந்தியில 10 வீதமளவு. துருவின தேங்காய்ப்பூ 100 கிராமில 30 கிராம் நிரம்பிய கொழுப்பு. ஒரு ஆள் ஒருநாளைக்கு 20, 22 கிராமுக்குள்ள நிக்க வேணும், கொலஸ்ட்ரோல் கூடின ஆள் எண்டா 13 கிராமளவில நிண்டா நல்லம்.

இப்ப எங்கட வீட்டுக் கணக்கைப் பாருங்கோ. நான், இவர், மாமி, பிள்ளையள் ரெண்டு பேர். நாளுக்கு ஒண்டரைத் தேங்காய். காலமை சம்பலுக்கு, மத்தியானம் ரெண்டு கறிக்கும் வறைக்கும், இரவு சொதிக்கு. ஒரு தேங்காயில பூ 350 கிராம் வரும் எண்டு வைச்சா நிரம்பிய கொழுப்பு 100 கிராம், ஒண்டரைக்கு 150, அஞ்சு பேருக்குப் பிரிச்சா தலைக்கு 30 கிராம். பிழிஞ்ச சக்கையோட போறதைக் கழிச்சாலும் கூடத்தான், பொரிக்கிற எண்ணெய் இதில சேரவும் இல்லை. நான் கிழமைக்கு ரெண்டு முட்டையை நிப்பாட்டிப்போட்டுத் தலைக்கு 30 கிராமை ஊத்திக்கொண்டு இருந்திருக்கிறன்.

செய்தது இதுதான். ஒரு கிழமைக்குரிய தேங்காயை ஞாயிற்றுக்கிழமை எண்ணிக் கூடைக்குள்ள வைக்கிறது. முதல் மாசம் 7, பிறகு 5, இப்ப 4, 5இல நிக்குது. கூடை முடிஞ்சா முடிஞ்சுதுதான், வளவில விழுந்து கிடந்தாலும் எடுக்கிறேல்லை. தேங்காய் ஒண்டு 200 ரூபாய்க்கு ஏறின நேரம் கிழமைக்கு ஆறு தேங்காய் மிச்சம் எண்டா 1,200 ரூபாய், அதில மீனும் பயறும் வாங்கலாம். மருந்துச் சாப்பாடு எண்டா செலவு கூட எண்டு சொல்லுற ஆக்களுக்கு இதைக் காட்டுங்கோ.

சொதிக்கு முதற்பால் விடுறேல்லை. ரெண்டாம் பாலிலயும் தண்ணியிலயும் வெங்காயம், பச்சைமிளகாய் கொஞ்சம் கூட வெட்டிப்போட்டு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, கறிவேப்பிலை ரெண்டு நெட்டு. அவிஞ்சு வரேக்க, தனிய அவிச்ச மைசூர்ப் பருப்பு ரெண்டு அகப்பை எடுத்து மசிச்சு விடுங்கோ, தடிப்பு அதில வந்திடும். இறக்கி வைச்சுச் சூடு கொஞ்சம் தணிஞ்ச பிறகு தேசிக்காய் பிழியுங்கோ. முதல் நாள் மாமி கரண்டியால ஒருக்கா அள்ளிப் பாத்திட்டு, "பிள்ளை, இது சொதியோ, சட்டி கழுவின தண்ணியோ?" எண்டா. அண்டைக்குப் பருப்பு விடேல்லை, அவ சொன்னது சரிதான். பருப்பு விட்ட பிறகு சத்தமில்லை.

சம்பலுக்குப் பாதி தேங்காய்ப்பூ, பாதி வெங்காயமும் வல்லாரையும். கறிக்குப் பால் விடாமப் புளிவிட்டுக் குழம்பு வைச்சா மீனுக்கு அதுதான் உண்மையில ருசி. கீரை வறைக்கு ஒரு சின்னப் பிடி பூ காணும், முந்தி நான் கீரையைவிடப் பூவைத்தான் கூடப் போட்டிருக்கிறன் போல. பிட்டுக்கு மட்டும் தேங்காய் குறைச்சா காய்ஞ்சு தொண்டையில நிக்கும், அதால பிட்டைக் கிழமைக்கு ஒருக்காலா ஆக்கினம், ஆக்கினா வடிவாப் பூப்போட்டே அவிக்கிறது. எல்லாத்தையும் ஒரேயடியா நிப்பாட்டினா பத்து நாளில திரும்பப் பழைய இடத்துக்குத்தான் வருவீங்கள்.

எண்ணெயும் அப்பிடித்தான், மாசத்துக்கு எத்தினை போத்தில் எண்டு எண்ணுங்கோ. நாங்கள் முந்தி 750 மில்லிப் போத்தில் மூண்டு, அதுவும் தேங்காயெண்ணெய். இப்ப நல்லெண்ணெய் ஒண்டு, சூரியகாந்தி ஒண்டு. போத்திலில றப்பர்பாண்ட் ஒண்டு போட்டு வைச்சிருக்கிறன், கிழமை முடியேக்க எண்ணெய் அந்த இடத்துக்குக் கீழ போகக்கூடாது, ஒவ்வொரு கிழமையும் றப்பர்பாண்ட் கீழ இறங்கும். பொரிச்ச எண்ணெயை வடிச்சு வைச்சுத் திரும்பத் திரும்பப் பாவிக்கிற பழக்கத்தையும் விட்டாச்சு.

6. சோறும் சீனியும்

ரைகிளிசரைட் கூடின ஆக்களுக்கு மேல 5இல சொன்ன தேங்காய்க் கணக்கை விட இதுதான் முக்கியம். எங்கட வீட்டில ஒரு நேரத்துக்கு மூண்டு சுண்டு அரிசி, இப்ப ரெண்டு, அதுவும் சிவப்புப் புழுங்கல். கோப்பையில பாதி இடம் மரக்கறிக்கு, கால் சோத்துக்கு, கால் மீனுக்கோ பருப்புக்கோ. வயலுக்குப் போற ஆளுக்கும் என்னை மாதிரிக் கதிரையில இருக்கிற ஆளுக்கும் ஒரே அளவு சோறு சரிவராது, இவருக்கு நான் குறைக்கச் சொல்லேல்லை.

தேத்தண்ணியில சீனியை ஆரும் எண்ணுறேல்லை. நாளுக்கு அஞ்சு கோப்பை, கோப்பைக்கு ரெண்டு கரண்டி எண்டா 40, 50 கிராம். 25 கிராமுக்குள்ள நிக்கிறது நல்லம். நான் ஒரு கிழமைக்கு அரைக்கரண்டி எண்டு குறைச்சன், ஒரு மாசத்தில பிளேன்டீ சீனியில்லாமப் பழகிட்டுது, ஒரு துண்டு பனங்கட்டி கடிக்கிறன். பனங்கட்டியும் இனிப்புத்தான், சீனி இல்லை எண்டு நினைச்சுக் கட்டி கட்டியாக் கடிச்சா வேலையில்லை. பால்மா முழு ஆடையுள்ளது எண்டா அதில காலுக்கு மேல கொழுப்பு, ஆடை நீக்கினது வாங்குங்கோ. கள்ளுக்கும் சாராயத்துக்கும் ரைகிளிசரைட் நல்லா ஏறும். இவர் இந்தப் பந்தியை வாசிக்கமாட்டார்.

7. கூட்ட வேண்டியது

பயறு, கடலை, கவுப்பி. அவிச்சது நாளுக்கு 130 கிராமளவு, அதாவது முக்கால் கோப்பை, ஒவ்வொரு நாளும் சாப்பிட்டா எல்டிஎல் 5 வீதமளவு குறையும். சொல்லேக்க சின்னனாத் தெரியும், ஆனா இப்பிடிச் சின்னச் சின்னனாத்தான் இறங்கும். காலமைக்கு அவிச்ச பயறு, வெங்காயம் மிளகாய் தாளிச்சு, அதுக்கு மேல கொஞ்சூண்டு பூ. வாய்வு பிடிக்கும் எண்டா இரவு ஊறவிட்டு அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டு அவியுங்கோ. ஓட்ஸும் நல்லம்தான், ஆனா பிரியோசனம் தெரிய நாளுக்கு 75 கிராமளவு வேணும், பக்கற் கெதியா முடியும், கட்டுப்படியாகாட்டி விடுங்கோ, பயறு காணும். குரக்கன் சீனி வருத்தத்துக்கு வெள்ளை மாவை விட நல்லம், அதைக் கொலஸ்ட்ரோல் மருந்து மாதிரி விக்கிறவையை நம்பாதேங்கோ. வெண்டிக்காய், கத்தரிக்காய், முருங்கையிலை, கொய்யாப்பழம் எல்லாம் சேருங்கோ, கத்தரிக்காயைப் பொரிச்சுக் கறி வைச்சா அது எண்ணெய்க்கறி, சுட்டோ அவிச்சோ வையுங்கோ.

மீனில விலை கூடினதுதான் நல்லம் எண்டில்லை. சூடை, கீரி, நெத்தலி, கும்பளா இதுகள்தான் இதயத்துக்கு நல்ல கொழுப்புள்ள மீன், அறுக்குளா வாங்கக் காசில்லை எண்டு கவலைப்படத் தேவையில்லை. கிழமைக்கு ரெண்டு தரமாவது, குழம்பாவோ அவிச்சோ. பொரிச்சு எடுத்தா வந்த லாபம் எண்ணெயோட போச்சு. உள்ளுக்க இருக்கிற ஆக்களுக்குக் குளத்து மீனும் இறைச்சியை விட நல்லம்தான். கருவாட்டில உப்பு, நாளுக்கு ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல போகக்கூடாது எண்ட கணக்கில அது கெதியா இடத்தைப் பிடிச்சிடும், பிறசர் உள்ள ஆக்கள் கவனம்.

றால் திரும்ப எங்கட சட்டிக்கு வந்திட்டுது. அதில கொலஸ்ட்ரோல் இருக்கு, நிரம்பிய கொழுப்பு மிச்சம் குறைவு, பால் விடாம வைச்சா இடைக்கிடை சாப்பிடலாம். முட்டை எனக்கு டொக்டர் கிழமைக்கு 3, 4 சொன்னவர். ஆட்டிறைச்சியும் கோழித்தோலும்தான் குறைக்க வேண்டியது.

கச்சான் நாளுக்கு ஒரு பிடி, வறுத்தது, உப்பில்லாமல். ஏ9 வழியாப் போகேக்க முறிகண்டியில இறங்குவீங்கள் எல்லோ, தேங்காயைப் பிள்ளையாருக்கு உடைச்சிட்டுக் கச்சானை நீங்கள் சாப்பிடுங்கோ. பஸ் கிளிநொச்சி போறதுக்குள்ள முழுப் பையையும் முடிக்காதேங்கோ.

8. கடையும் கொண்டாட்ட வீடும்

ரோல்ஸ், பற்றிஸ், வடை, கொத்துரொட்டி. ஒரு நாளும் வேண்டாம் எண்டு நான் சொல்லமாட்டன், பின்னேரத் தேத்தண்ணியோட ஒவ்வொரு நாளும் எண்டதுதான் பிரச்சினை. கடை எண்ணெய் எத்தினை தரம் கொதிச்சது எண்டு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. பக்கற் சாமான் வாங்கேக்க முன்பக்கம் எழுதினதை விட்டிட்டுச் சீனி, உப்பு, கொழுப்புக்குப் போட்டிருக்கிற நிறத்தைப் பாருங்கோ, சிவப்பு எண்டா கூட, பச்சை எண்டா குறைவு. "கொலஸ்ட்ரோல் இல்லை" எண்டு பெரிசாப் போட்ட பிஸ்கற்றில கொழுப்புக்குச் சிவப்பு இருக்கிறதைக் கண்டிருக்கிறன்.

9. குளிசையும் கசாயமும்

கொலஸ்ட்ரோல் குளிசை தந்திருந்தா, நம்பர் இறங்கிட்டுது எண்டு நீங்களா நிப்பாட்டாதேங்கோ. இறங்கினது குளிசையால, விட்டா ஏறும். தசை நோ, கடும் களைப்பு வந்தா போய்ச் சொல்லுங்கோ, மாத்தித் தருவினம். உள்ளி, கொள்ளு, வெந்தயத்தண்ணி எல்லாம் சாப்பாடு எண்ட அளவில நல்லம், ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் எண்டு போத்திலில விக்கிறதுக்குக் காசு குடுக்காதேங்கோ. நானும் ஒருக்கா வாங்கினன், விலையைச் சொல்ல வெக்கம்.

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சிறுநீரக வருத்தக்காரர் கனபேர் இருக்கிறியள். உங்களுக்கு நான் மேல எழுதின பயறு, கீரை, கச்சான் அளவு பொருந்தாது, பொட்டாசியமும் புரதமும் உங்களுக்கு வேற கணக்கு, கிளினிக்கில கேக்காமத் தொடங்காதேங்கோ. ரத்தம் உறையாமல் இருக்க வாஃபரின் குடிக்கிற ஆக்கள் திடீரெண்டு கீரையைக் கூட்டவும் வேண்டாம், நிப்பாட்டவும் வேண்டாம், ஒரே அளவாச் சாப்பிடுங்கோ.

நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ ஏறுற நோ, வேர்வை, மூச்சு முட்டல் வந்தா வாய்வு எண்டு சோடாவும் இஞ்சியும் குடிச்சுக்கொண்டு இருக்காமல் 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸுக்குக் காசில்லை.

10. திரும்ப எப்ப எடுக்கிறது

சாப்பாட்டை மாத்தி ஆறு கிழமையில மாற்றம் தெரியத் தொடங்கும், நான் சொல்லுறது மூண்டு மாசம் விட்டு எடுங்கோ எண்டு. மாசத்துக்கு மாசம் எடுத்தா காசுதான் கரையும், நம்பர் சும்மாவே கொஞ்சம் ஏறி இறங்கும், அதைப் பாத்துப் பாத்து நித்திரையும் போகும். ஏலுமெண்டா அதே லாப்பில, அதே மணிக்கு. நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கோ, நாளுக்கு அரை மணித்தியாலம் கிழமைக்கு அஞ்சு நாள். எங்கட பக்கம் வெயிலுக்கு முதல், விடிய 6 மணிக்குள்ள போனாத்தான் உண்டு, யானை வாற இடங்களில நல்லா வெளிச்சம் வந்த பிறகு போங்கோ.

ரெண்டாந்தரம் மொத்தம் 259, எல்டிஎல் 176. தேங்காயை எண்ணத் தொடங்கி மூண்டு மாசம் கழிச்சு மூண்டாந்தரம் மொத்தம் 221, எல்டிஎல் 146, ரைகிளிசரைட் 205இல இருந்து 150. சாப்பாட்டால எனக்கு இறங்கினது அவ்வளவுதான். அப்பான்ர கதையை அந்தத் தாளில வாசிச்சிட்டு டொக்டர் இது காணாது எண்டு இரவில ஒரு சின்னக் குளிசையும் தந்திருக்கிறார். முதல் கொஞ்சம் மனம் விட்டுப் போச்சு, இவ்வளவும் செய்தும் குளிசையோ எண்டு. சொதி பழையபடி முதற்பாலுக்குப் போனா இதைவிடப் பெரிய குளிசை எழுத வேண்டி வரும் எண்டார். அடுத்த ரத்தத்துக்கு இன்னும் அஞ்சு கிழமை இருக்கு, திகதியைக் கிளினிக் கொப்பியின்ர பின்மட்டையில எழுதி வைச்சிருக்கிறன். அண்டைக்கு விடியத் தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில வைக்க வேண்டாம் எண்டு மாமிக்கும் இப்பவே சொல்லியாச்சு.